கழுத்தறுத்த கறி

கேள்வி: தைராய்டு என்ன தொற்றுநோயா, ஓர் ஊரே சேர்ந்து அவதிப்பட?

பதில்: தொற்றாது; சாப்பிட்டால் வரும்! 1984-85ல் அமெரிக்காவின் மின்னசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, எடைக்குறைவு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம். சுரப்பியோ ஹார்மோன் செய்யத் தேவையான அயோடினை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுரப்பி சும்மா இருக்க ஹார்மோன் ஏறினால், சரக்கு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தைராய்டு அழற்சியிலும் இப்படி ஆகுமே என்பீர்கள். ஆகும், ஆனால் இவர்கள் தின்றதோ ஒரே இடத்திலிருந்து வந்த கறி; அழற்சி, கறி வாங்கிய கடை பார்த்து வராது. துருவியதில், ஓர் இறைச்சிக்கூடத்தில் மாட்டின் கழுத்துக்கறியோடு தைராய்டையும் சேர்த்து அரைத்தது தெரிந்தது. வேகவைத்தால் அழியாதா? அழியாது, வயிற்று அமிலத்துக்கும் அஞ்சாது. தைராய்டு மாத்திரை விழுங்கிப் பலன் பெறுகிறோமே, அதுவே சாட்சி. பிறகு, கழுத்துக்கறியை அப்படி வழித்தெடுத்துச் சேர்க்க அங்கே தடை வந்தது.