ரிட்டன் லோடு

ஒன்றேகால் டன் ஏற்றக்கூடிய டீசல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் அரைக் கிலோ கத்தரிக்காயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வாங்கி வருகிற ஆள் கோபிசெட்டிபாளையத்தில் நான் ஒருவன்தான். பின்னால் போட்டால் பறந்துவிடும் என்பதால் கறிவேப்பிலை என் மடியில் வரும். பாடி முழுக்கக் காலி.

வண்டி வாங்கக் காரணம் எங்கள் தென்னந்தோப்பு. வாடகை வண்டிக்கு அழுவதைவிடச் சொந்த வண்டி லாபம் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வீட்டில் காட்டினேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் கிடையாது. தேங்காய் வெட்டு 45 நாளுக்கு ஒருமுறைதான், அன்றைக்கும் வியாபாரி தன் வண்டியிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்ற விவரத்தை எழுதத்தான் பக்கத்தில் இடம் போதவில்லை.

டாடா ஏஸ் 2005-இல் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் சின்ன சரக்கு வண்டி எதுவானாலும் ‘குட்டி யானை’தான். என்னுடையது வேறு கம்பெனி, அதைவிடப் பெரியது என்று எத்தனை முறை விளக்கினாலும், “உங்க குட்டி யானை கொஞ்சம் வேணுமே” என்றுதான் கேட்கிறார்கள். முருங்கைக்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. முன்கண்ணாடிக்கு மேல் ‘கவின் – யாழினி’ என்று ரேடியம் ஸ்டிக்கர். அவர் பிள்ளைகள். பிய்த்தால் பெயின்டும் சேர்ந்து வரும் என்று விட்டுவிட்டேன். வண்டிப் போட்டோவைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து என் மகன், “யாருப்பா இவங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டான். குரலில் சொத்துக் கவலை தெரிந்தது.

பிக்கப்பைக் காலியாக ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பின் அச்சின்மேல் இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். டன் கணக்கில் எடை ஏறினால்தான் அவை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். காலியாகப் போனால் ரோட்டில் உள்ள பள்ளம் ஒன்றைக்கூடத் தாங்களாக வைத்துக்கொள்ளாமல் அப்படியே நம் முதுகெலும்பில் ஒப்படைத்துவிடும். காற்றும் அதற்குத் தகுந்த மாதிரிதான். காருக்கு 33 பாயிண்ட் பிடிக்கிற பையன், இதன் பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கிறான். முதல் வேகத்தடையில் என் மனைவியின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் கொண்டை இடித்தது. அதற்குள் குனிந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

மெக்கானிக் தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டி சொக்கத் தங்கமுங்க சார். லோடு ஏத்துங்க, மெதந்துக்கிட்டு போகும்” என்றான். மணல் மூட்டைகளை ஏற்றினேன். உண்மையிலேயே மிதந்தது.

“ஏனுங்க, மணலுக்கு ஊரைச் சுத்திக் காட்டறதுக்கா டீசல் போடறீங்க?” என்றாள் மனைவி.

அவள் இருக்கும்வரை எனக்குத் தணிக்கையாளர் தனியாக வேண்டியதில்லை. மூட்டைகளை இறக்கினேன்.

எஞ்சினைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டீசலுக்குத் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு பதினேழு மடங்கு நசுக்கினால் அது கொதிக்கும்; அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பற்றலும் ஒரு தட்டு. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் இதை ஓட்டிக் காட்டினார். விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டியிருக்க மாட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி அவருக்கு ஒருவர் இருந்திருந்தால் உலகம் இன்னும் நிலக்கரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நடுவில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டி இது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் போய்வந்தால் அந்தச் சூடு எங்கே வரும்? “கத்தரிக்காய்க்கு எடுத்துக்கிட்டுப் போனா இப்படித்தாங்க அடைச்சுக்கும். பைபாஸ்ல விட்டு அரை மணி நேரம் நல்லா மிதிங்க” என்றான் தம்பி.

ஆக, வண்டிக்கு எடை வேண்டும், தூரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். விளக்கை அணைக்கப் போனவன் திரும்பும்போது லாரிக்காரர்கள் சொல்கிற ரிட்டன் லோடைப் பற்றி யோசித்தேன். காலியாகத் திரும்புகிற வண்டி நஷ்டம் என்பது தொழில் தெரிந்த எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. சின்ன வெங்காயம் சில மூட்டை, மீதி இடத்துக்கு வெள்ளைப் பூசணி. வெங்காயம் உறவுக்காரர்களுக்குப் போனது. பூசணியைத் தெருவுக்கே கொடுத்தோம். அந்த மாதம் எங்கள் தெருவில் பூசணிக்காய் கட்டாத வாசல் கிடையாது. எல்லார் கண்ணும் எங்கள் வீட்டின்மேல்தான் விழுந்திருக்க வேண்டும்.

அடுத்து கவுந்தப்பாடி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கேயுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்துதான் நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாகப் போகிறது. ஏலம் எடுத்த வியாபாரி ஒருவரிடம் கெஞ்சி நானும் மூட்டைகள் வாங்கினேன். வண்டி அன்றைக்குப் போன அழகை என்னவென்று சொல்வது! வளைவில் ஒரு ஆட்டம் இல்லை, பள்ளத்தில் ஒரு குதிப்பு இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர், இரண்டு பேருக்கும் சர்க்கரை நோய் என்பது மூட்டையை இறக்கும்போதுதான் பேச்சுக்கு வந்தது.

இந்த வண்டியை நான் ஓட்டலாமா என்றே அவளுக்குச் சந்தேகம். கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பேப்பரை எடுத்துப் போய் நீட்டினேன். “அவங்க உங்க பக்கத்துல உக்காந்து வந்தாங்களா?” என்று கேட்டாள். தீர்ப்பு அத்துடன் ரத்து.

ஈரோட்டில் ஒரு கல்யாணம். காரை மகன் எடுத்துப் போயிருந்தான். நான் பட்டு வேட்டி, அவள் பட்டுப் புடவை. மண்டப வாசலில் செக்யூரிட்டி மஞ்சள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. “இலையா, பாத்திரமாண்ணா? பின்கேட்டுக்குப் போயிருங்க.” விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். வாழையிலைக் கட்டுகளுக்கும் கொதிக்கிற ரசத்துக்கும் நடுவே நுழைந்து, சமையல்கட்டு வழியாக மேடைக்குப் போனோம். இதில் ஒரு லாபம் உண்டு: பாதாம் அல்வா எத்தனையாவது பந்தியோடு தீரும் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. புறப்படும்போது சமையல்காரர் வந்து, “கோபி பக்கமுங்களா? இந்த அண்டாவெல்லாம் கொண்டுபோய் எறக்கிருவீங்களா?” என்றார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. வாடகையாக ஒரு தூக்குவாளி சாம்பார். அவள் பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பதை அன்றைக்குச் சொல்லிக் காட்டியிருக்க வேண்டாம்.

மறுபடி விளக்கு எரிந்தபோது கொஞ்சம் தூரமாகவே போவோம் என்று காரைக்குடிக்கு விட்டேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் கடை கடையாகக் குவிந்திருக்கும். இரண்டு பர்மா தேக்குத் தூண்கள், வழுவழுவென்று, கட்டிப் பிடித்தால் கை எட்டாது. தட்டிப் பார்த்தேன், கனம். அதற்குமேல் யோசிக்கவில்லை. தூண் பதினோரு அடி, எங்கள் வீட்டுக் கூரை பத்தடி என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. இப்போது வாசலில் படுத்துக் கிடக்கின்றன. காலையில் நான் ஒன்றில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், அவள் இன்னொன்றில் வடகம் காய வைக்கிறாள்.

நேற்று வடகத்தை அள்ளிக்கொண்டே, “வாங்குன எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். போகும்போது லோடு இருக்கிறது, தூரமும் இருக்கிறது, விளக்கு மூச்சுவிடாது. வரும்போதுதான் காலி. முருங்கைக்காய் வியாபாரிக்குப் போன் போட்டேன். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே ஆத்தங்குடியாம். கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிற தரைக்கல்லில் ஓரம் உடைந்தது கேட்டால் மலிவாகத் தருவார்களாம். கல் நல்ல கனமாம்.