ஸ்கெலிடருக்கு எந்தப் படி? பிளாஸ்டிக் வீரர் கொலு குறித்து ஓர் ஆய்வு

பெங்களூரில் நாற்பதைத் தாண்டிய ஆண்களில் ஒரு சாரார், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஆரஞ்சு நிறச் சிப்பாய் ஒருவனின் இடுப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். இந்த நடத்தையை உளவியலார் பால்யகால ஏக்கம் என்கிறார்கள். மனைவிமார் சொல்லும் சொல் வேறு. இரு தரப்பும் தவறு என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் இதுதான்: அவர்கள் வைத்திருப்பது கொலு. விஜயதசமி முடிந்தும் பெட்டிக்குள் போகாத, சுண்டல் இல்லாத, தாம்பூலம் வாங்க யாரும் வராத கொலு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு குலங்கள். ஒன்று, அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’, அதாவது ஹீ-மேன் வகையறா. ஐந்தரை அங்குல உயரம், தேக்குமரத் தொடை, சட்டை கிடையாது. மற்றொன்று, அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோ மூன்றேமுக்கால் அங்குலத்தில் மறுபிறவி கொடுத்த ஜி.ஐ. ஜோ பட்டாளம். (முற்பிறவி 1964-இல், 12 அங்குலத்தில். பொம்மை என்று சொன்னால் பையன்கள் வாங்க வெட்கப்படுவார்கள் என்று ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயரிட்டு விற்றார்கள். கொலு வைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த வெட்கம் எதற்கென்றே விளங்காது.) இவ்விரு குலங்களும் இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. ஹீ-மேனைப் பிளோ பிளாஸ்ட்டின் லியோ நிறுவனமும், ஜோவை ஃபன்ஸ்கூலும் செய்தன. தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் ஓடியதால் தெருவில் குச்சி பிடித்த பையனெல்லாம் வாளேந்தினான். குச்சியோடு நின்றவர்கள் நிறையப் பேர். பொம்மை கிடைத்தவர்கள் கொஞ்சம். இன்றைய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் முதல் வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழும். மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம் வந்துவிடும். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் வண்ணம் உருகிப் படிகிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்த மரபு இருக்க, எண்ணெய்க் கிணற்றில் பிறந்த பிளாஸ்டிக்கை ஏன் ஆராய வேண்டும்? மறுமொழி: சென்னபட்டணத்துப் பொம்மையில் குறை கிடையாது. குறையில்லாத பொருளை வைத்து எந்த ஆய்வாளனும் பட்டம் வாங்கியதில்லை.

இனிக் கருதுகோளுக்கு வருவோம். கொலுப்படிக்கு விளக்கம் சொல்லும் மாமிகள் பலர் தம்மை அறியாமலே தொல்காப்பிய மரபியலைத்தான் சொல்கிறார்கள். கீழ்ப்படியில் தொடு உணர்வு மட்டுமே உள்ள ஓரறிவுயிர்கள், புல்லும் மரமும். அடுத்ததில் நாவறிவு சேரும். பிறகு மூக்கு, கண், செவி என்று படிக்கொன்றாகக் கூடி, ஆறாவதில் மனம் வாய்த்த மனிதர். அதற்கு மேலே முனிவர், தேவர், மும்மூர்த்திகள். இந்த அளவுகோலை ஹீ-மேன் வகையறாவின்மேல் வைத்துப் பார்த்த அன்றிலிருந்து இக்கட்டுரையாளருக்கு உறக்கம் போயிற்று.

முதற்படிக்கு மாஸ் மேன், 1985. பீஸ்ட் மேன் என்ற வில்லனின் அச்சிலேயே வார்த்து, உடம்பெங்கும் பச்சைத் தூவியை ஒட்டி, பைன் மர வாசனையும் ஏற்றி அனுப்பினார்கள். தடவினால் பாசி. தடவுவதைத் தவிர அவனை வைத்துச் செய்ய வேறொன்றும் இல்லை. இரண்டாம் படிக்கு லீச், அதே ஆண்டு. அட்டை. கைகால்களில் உறிஞ்சு குமிழ்கள், வாயும் உறிஞ்சுவதற்கே. நாவறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூன்றாவதற்கு ஸ்டிங்கர், அவனும் 1985. மெர்-மேன் என்ற மீன்மனிதனின் தலைக்குக் கறுப்பு வெள்ளை பூசி, நாற்றமடிக்கும் ஸ்கங்க் என்று விற்றார்கள். பிளாஸ்டிக்கிலேயே பச்சோலி எண்ணெயைக் கலந்துவிட்டதால், நாற்பது வருஷம் கழித்தும் மூடி வைத்த டப்பாவைத் திறந்தால் அவன் இருப்பது தெரியும். ஸ்கங்க் ஐந்தறிவு விலங்காயிற்றே என்பார்க்கு: மூன்றாம் படி காலியாக இருந்தது, மூக்குச் சம்பந்தம் உறுதி.

நான்காம் படியில்தான் ஆய்வாளன் எழுந்து அறைக்குள் நடக்க நேர்கிறது. நான்கறிவுயிர்களுக்குத் தொல்காப்பியர் இரண்டைச் சொல்கிறார்: நண்டு, தும்பி. மேட்டல் 1984-இல் இறக்கிய ஆட்களில் இருவர் கிளாஃபுல், பஸ்-ஆஃப். முன்னவன் கொடுக்கை ஓங்கிய சிவப்பு நண்டு. பின்னவன் இறக்கை வைத்த தேனீ. தும்பியைத் தேனீ என்று கொள்ளலாமா என்பதை உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கலிபோர்னியாவில் மேட்டலின் வடிவமைப்புக் கூடத்தில் எவரோ மரபியல் படித்திருந்தார் என்று சொல்ல இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை. படித்திருக்கவில்லை என்று நிறுவவும் சான்றில்லை.

ஐந்தாவதில் பேட்டில் கேட் என்ற பச்சைப்புலி, ஆரஞ்சு வரிகளோடு. இதன் அச்சு, மேட்டல் முன்பு விற்ற பிக் ஜிம் என்னும் பெரிய பொம்மையின் புலிக்கு உரியது. ஹீ-மேன் பக்கத்தில் நிறுத்தியபோது அளவு மீறிப்போயிற்று. சேணத்தைப் பூட்டி அவனை மேலே ஏற்றிவிட்டார்கள். விநாயகரைவிடப் பெரிய மூஞ்சூறு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆறாவதில் ஹீ-மேன். ஐயமில்லை.

ஐயம் அவனுடைய பகைவன் ஸ்கெலிடரிடம். முகம் மஞ்சள் மண்டையோடு, மேனி நீலம், கவசமும் முக்காடும் ஊதா. கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஹீ-மேனின் மார்பேதான், ஒரே அச்சு. ஹீ-மேனையே நீலத்தில் வார்த்து ஸ்கெலிடரின் கவசத்தை ஆரஞ்சில் மாட்டி ‘ஃபேக்கர்’ என்று இன்னொருவனையும் விற்றார்கள். அவன் கவசத்துக்கு அடியில் டேப் ரிக்கார்டர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று, இயந்திர மனிதன் என்பதற்கு அத்தாட்சியாக. ஆக ஒரு மார்பு, மூன்று பிறவி. இதில் ஆறறிவு யாருக்கு?

இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. தொல்காப்பியம் கைவசம் இல்லாததால் அவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். அங்கே அன்றைய சுங்கச் சட்டத்தில் மனித உருவம் ‘டால்’, மற்றது ‘டாய்’, வரி வேறு வேறு. ஜி.ஐ. ஜோ டால் அல்ல என்று ஹாஸ்ப்ரோ வழக்காடி, 1989-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஜோ உயர்திணை. 2003-இல் டாய் பிஸ் நிறுவனம் தான் விற்ற எக்ஸ்-மென் காமிக்ஸ் நாயகர்கள் மனிதர்களே அல்லர் என்று வாதாடி வென்றது. டாலுக்கு 12 சதவீதம், டாய்க்கு 6.8. தாங்களும் மனிதர்தாம் என்று எக்ஸ்-மென் ஊராரிடம் மன்றாடுவதுதான் அவர்கள் கதையே. விற்றவர்களே கூண்டில் ஏறி அவர்களை அஃறிணையாக்கிவிட்டார்கள், ஐந்து சதவீதச் சொச்சத்துக்காக.

நம் ஊர்ச் சுங்கம் இவ்வளவு தத்துவம் பேசாது. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70. எலும்பு மூஞ்சிக்கும் மனித மூஞ்சிக்கும் ஒரே வீதம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். 1984-இல் பிறந்த நண்டின் முதுகில் அதை யார் குத்துவது?

அதனால்தான் பெங்களூர்ச் சேகரிப்பாளனின் கண் உள்ளூர்ச் சரக்கின்மேல் விழுகிறது. இங்கே வண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ கூட்டில் 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், அமெரிக்காவில் வேலை முடிந்த ஜோ அச்சுகளை வாங்கி வார்த்தது. அச்சு வந்தது, வண்ண அட்டவணை வழியில் எங்கோ தவறிவிட்டது போலும். அங்கே பாசிப்பச்சையில் பதுங்கியவர்கள் சிலர் இங்கே தீபாவளிச் சட்டையில் வெளிப்பட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரு வருஷம் ஒரு நிறம், இன்னொரு வருஷம் இன்னொன்று. அமெரிக்க ஜோ வரிசையில் இல்லாத ஒருவனும் சேர்ந்தான்: தூர்தர்ஷனில் பைக் ஓட்டிக்கொண்டிருந்த ‘ஸ்ட்ரீட் ஹாக்’. அந்த நாளில் ‘இது டிவில வர்ற கலர் இல்லப்பா’ என்று அழுத பிள்ளைகள் உண்டு. அதே கலருக்காக இப்போது வெளிநாட்டுக்காரர்கள் பணத்தோடு நிற்கிறார்கள்.

இப்பிறழ்ச்சிக்கு இரு கொள்கைகளை முன்வைக்கலாம். ஒன்று கையிருப்புக் கொள்கை: அன்றைக்கு மூட்டையில் எந்த நிறப் பிளாஸ்டிக் மணி இருந்ததோ அதுவே அன்றைய ராணுவம். மற்றொன்று திருவிழாக் கொள்கை: பசவனகுடிக் கடலெக்காய் பரிஷெ என்னும் வேர்க்கடலைத் திருவிழாவில் துணி விரித்துக் கடை போட்டால் பத்தடி தூரத்திலிருந்து பிள்ளையின் கண்ணை இழுக்க வேண்டும், மறைந்து போரிடுவது இரண்டாம்பட்சம். எது சரி என்று ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டிருக்கலாம். முதலாவதற்கே வாக்கு விழும் என்று அஞ்சி இக்கட்டுரையாளர் கேட்கவில்லை.

சரக்கு எங்கே கிடைக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில், சிக்பேட்டைப் பக்கம் சண்டே பஜாரில். சென்னையில் காயலான் கடை என்பதை இங்கே குஜரி என்பார்கள். வீடு மாறுகிறவர்கள் குஜரிக்குப் போட்டது பஜாருக்கு வரும். கற்றுக்குட்டி நேரே பொம்மையை எடுத்து முகம் மலர்ந்துவிடுவான். தேர்ந்தவன் பக்கத்தில் கிடக்கும் மிக்ஸி ஜாரின் விலையைக் கேட்பான். மூடி எங்கே என்பான். போகிற போக்கில், “இது என்ன?” என்று காலால் காட்டுவான்.

“ஹீ-மேன் சார். சக்திமானோட அண்ணன். அஞ்சூறு குடுங்க.”

“கை ஒண்ணு இல்லையே.”

“அண்ணா, கை இருந்தா நான் ஏண்ணா இங்க உக்காந்திருக்கேன்? ஆன்லைன்ல போட்டிருப்பேன்.”

இந்தத் தர்க்கத்துக்கு ஆய்வுலகில் இதுவரை மறுப்பு இல்லை.

வாங்கி வந்த பிறகு வைத்தியம். பெங்களூர் கடலிலிருந்து தள்ளி 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னை அலமாரிகளில் உப்புக்காற்று செய்யும் வேலை இங்கே நடப்பதில்லை. திருகாணி பிழைக்கும். ரப்பர் பிழைக்காது. ஜோவின் முதுகில் இருப்பது ஒரே ஒரு திருகாணி. கழற்றினால் மார்பு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிளக்கும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதன் மேல்முனை மார்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழில் மாட்டியிருக்கும், கீழ்முனை இடுப்புக் கிண்ணத்துக்குள் இறங்கி, தொடையிரண்டையும் சேர்க்கும் உலோகக் கொக்கியைப் பிடித்திருக்கும். வீரனின் முழு வீரமும் அந்த வளையத்தின் இழுவிசைதான். முப்பது வருஷத்தில் அது காய்ந்து, ஒரு நாள் தூசி தட்டும்போது மேல்பாதி கையில் நிற்க, கீழ்ப்பாதி சோபாவுக்கு அடியில் ஓடிவிடும்.

மாற்று வளையத்துக்கு ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளே கதி. ‘ஓ-ரிங்’ என்றால் எடுத்துத் தருவார்கள். ஆனால், “யாவ காடி சார்?” என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னவர்கள் உண்டு, அவர்கள் இரண்டாம் முறை வேறு கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பழைய ஸ்கூட்டர் என்று சொல்வதே மரபு.

ஹீ-மேனுக்கு வேறு வியாதி. மென்மையான பி.வி.சி.யில் கலந்த நெகிழ்வூட்டி வருஷக்கணக்கில் வெளியே கசிந்து, உடம்பு பிசுபிசுக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டினால் சில மாதம் தாங்கும். மஞ்சளடித்துப்போன வெள்ளைப் பாகங்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி மொட்டைமாடி வெயிலில் வைப்பார்கள். பெங்களூர் வெயிலை நம்பிக் காயப்போட்டவன் கதியை விளக்கத் தேவையில்லை.

கருதுகோளுக்கு இன்னொரு வலுவான சான்று உண்டு. கொலு வைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. கன்னட வீடுகளில் தசராவுக்குக் கொம்பெ ஹப்ப என்று பொம்மை வைப்பார்கள். மரத்தில் செய்த ராஜா ராணி ஜோடியான பட்டத கொம்பெயைக் கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவார்கள், அதிலிருந்து அவள் சேகரிப்பு தொடங்கும். மாப்பிள்ளைக்கு அப்படி எவரும் ஒரு ஸ்கெலிடரைக் கொடுத்தனுப்பியதாகத் தெரியவில்லை.

ஆகவே முடிவைச் சோதிக்க, சென்ற நவராத்திரியில் இக்கட்டுரையாளர் தம் வீட்டுக் கொலுவில் மேற்படி ஆறு படி அட்டவணையைச் சமர்ப்பித்தார். ஆய்வுக் குழுவில் அம்மாவும் மனைவியும்.

அம்மா ஹீ-மேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சட்டை இல்ல, இடுப்புல துண்டு மாதிரி ஒண்ணு. குளிச்சிட்டு வர்றவன்டா இவன். கோயில் குளத்தங்கரையில வை.”

ஆறாம் படிக்கு உரியவன் என்று எடுத்துரைக்கப்பட்டது. குழு செவிசாய்க்கவில்லை.

“இந்த எலும்பு மூஞ்சி யாரு?”

“வில்லன்மா. மகிஷாசுரன் பக்கத்துல வைக்கலாமான்னு...”

“அம்பாள் கண்ணு எதிர்லயா? ராத்திரி தூங்குற ஆளாத் தெரியல. பார்க் கேட்டுல வாட்ச்மேனா நிக்கட்டும்.”

நண்டும் தேனீயும் செட்டியார் கடைக்கு முன்னால் வாடிக்கையாளர்களாக நிறுத்தப்பட்டன. ஸ்டிங்கர் வாசனை காரணமாக டப்பாவோடு பால்கனிக்கு அனுப்பப்பட்டான். தொல்காப்பியரை மேற்கோள் காட்ட முயன்றபோது மனைவி, “அத்தை, அந்தப் பச்சைக்காரனை எடுங்க, பார்க்குல புல்லுக்காகப் போட்ட கேழ்வரகு முளைக்கவே இல்ல” என்றாள். மாஸ் மேனைப் பூங்காவில் குப்புறப் படுக்கவைத்து, மேலே இரண்டு மண் பசுக்களை நிறுத்தினார்கள். ஓரறிவு, புல், முதற்படி: அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குழுவின் முடிவும் ஆய்வின் முடிவும் ஒத்துப்போயின.