பேருக்கு ரெண்டு, அளந்தால் ஒன்றரை

அட்லாண்டாவுக்கு வடக்கே, பைன் மரங்களை வெட்டிவிட்டு அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் தெருவுக்குப் பைன் என்று பேர் வைத்திருக்கிற குடியிருப்புகளில் எதற்குள் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். வாரத்தில் ஐந்து நாள் எக்ஸெல் கட்டங்களோடு மல்லுக்கட்டுகிற உத்தியோகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை கராஜுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்குகிறாரே, அவர்தான். உள்ளே விட இடம் ஏது? மேஜை ரம்பம், பிரஷர் வாஷர், மூன்று ஏணி, போன கோடையில் ஆரம்பித்த புத்தக அலமாரியின் இடது பாதி எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

சனிக்கிழமை மேஸ்திரி என்று அவருக்குப் பேர் வைத்துக்கொள்வோம். நல்ல மனுஷர். கேட்டால் ட்ரில்லர் கடன் கொடுப்பார், கேட்காவிட்டால் ஆலோசனை கொடுப்பார். அந்த ஆலோசனைகளிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது டூ பை ஃபோர் கட்டையைப் பற்றியது. புதிதாகக் குடிவந்தவர் யாரானாலும் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தி, ராணுவ ரகசியம் போலச் சொல்வார்: “பேருதான் ரெண்டுக்கு நாலு. டேப் வெச்சு அளந்து பாருங்க, ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும்.” உண்மைதான். பச்சை மரத்தை அறுக்கும்போது இருந்த அளவு பேரில் தங்கிவிட்டது. காய்ந்து சுருங்கி, இழைத்து வழவழப்பாக்கியதில் ஆளுக்கு அரை அங்குலம் போய்விட்டது. கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், யாரும் வருத்தப்படுவதில்லை. தன்னுடைய சனி ஞாயிறு முழுக்க இந்த மாதிரிக் கட்டையால்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் மேஸ்திரிக்குத் தோன்றியதே இல்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய பட்டியல் ஒன்று இருக்கும். மனைவியின் கையெழுத்து. முதல் வரி: மாடி டாய்லெட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி காபியை உறிஞ்சிக்கொண்டே, “ஒரு மணி நேர வேலை” என்பார்.

ஃப்ளஷ் தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அது நைந்துபோனால் தண்ணீர் கசியும், தொட்டி திரும்பத் திரும்ப நிரம்பும். வேறு மூடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது. அந்த மூடி இரண்டங்குலத்திலும் வரும், மூன்றங்குலத்திலும் வரும். எது வேண்டும் என்று அளந்துகொண்டு போகலாம். ஆனால் அளந்துகொண்டு போவது, இத்தனை வருஷ அனுபவசாலிக்கு மானக்கேடு. கண்ணாலேயே பார்த்து மனசில் குறித்துக்கொண்டு ஹோம் டிப்போவுக்குக் கிளம்புவார்.

ஹோம் டிப்போ 1979-ல் முதன்முதலாகக் கடை திறந்தது இதே அட்லாண்டாவில்தான் என்பதால், அவருக்கு அது குலதெய்வக் கோயில் மாதிரி. போனோம் வந்தோம் என்று இருக்க முடியாது. ஒவ்வொரு சந்நிதியாக நின்று வர வேண்டும். மரப் பிரிவில் கட்டையை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்து, வளைவு இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, வாங்காமல் திரும்ப வைப்பார். ட்ரில்லர்கள் இருக்கிற இடத்தில் மஞ்சள் டிவால்ட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பார், பெருமூச்சு விடுவார். வீட்டில் இருப்பது எல்லாம் பச்சை ரியோபி. ஒன்றின் பாட்டரி இன்னொன்றில் பொருந்தாது. முதல் ட்ரில்லர் வாங்கிய அன்றே ஆயுளுக்கும் தீர்மானமாகிவிட்ட விஷயம் அது. ஆரஞ்சு ஏப்ரன் கட்டிய பெரியவர் ஒருவர் வந்து, “ஏதாவது வேணுமா?” என்பார். “சும்மா பார்க்கறேன்” என்பார் மேஸ்திரி. இரண்டங்குல மூடியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, மாடியில் மூன்றங்குல ஓட்டை அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

நம்மூரில் என்றால் பிளம்பரைக் கூப்பிடுவோம், அவர் “நாளைக்கு வர்றேன் சார்” என்பார். அமெரிக்காவில் ஆளைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று தானே பிளம்பராகிவிடுகிறார்கள்; நாளைக்கு வருவதாக அவரவர் தமக்கே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வட்டாரத்துக்குக் குடிபோகிற நம் ஆட்களையும் இது விடாது. சென்னையில் ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியனைத் தேடியவர், இரண்டே வருஷத்தில் முட்டியில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் வரிசை கிழக்கே ஆரம்பித்து ஈசான்யத்தில் முடிந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதியத்துக்கு மேல் மேஸ்திரி குனிந்து உட்காருவார். டார்ச் பிடிக்கப் பதினோரு வயது மகள். பட்டியலில் ‘குடும்பத்தோடு செலவிடும் நேரம்’ என்று ஒரு வரி உண்டு. அது இந்தக் கணக்கில் கழிந்துவிடும்.

“அங்கே காட்டு.”

எங்கே என்று சொல்ல மாட்டார். வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பது டார்ச் பிடிக்கிறவருக்குத் தானாகவே தெரிய வேண்டும் என்பது அப்பாக்களின் பொதுச்சட்டம். குழந்தை சுவரைக் காட்டும், அவர் கழுத்தைக் காட்டும், கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்க் கூரையில் விரல் நிழலால் நாயைக் குரைக்கவைக்கும்.

“அப்பா, பிளம்பரைக் கூப்பிடலாமே?”

“பிளம்பர் வந்தா என்ன பண்ணுவான்னு நினைக்கறே? இதையேதான் பண்ணுவான்.”

“அப்போ தண்ணி நின்னுடுமாப்பா?”

இதற்குள் இன்னொன்று நடந்திருக்கும். தண்ணீரை நிறுத்தச் சுவரோரத்து வால்வைத் திருகினாரா? பல வருஷமாக ஒருவரும் தொடாமல் நிம்மதியாக இருந்த வால்வு அது. தொட்டதும் கோபித்துக்கொண்டு சொட்ட ஆரம்பித்துவிடும். சாயங்காலம் பார்த்தால், பழைய ஓட்டம் அப்படியே இருக்க, புதுச் சொட்டு ஒன்று, அதன் கீழே ஒரு வாளி. பட்டியலில் ஒரு வரி குறையவில்லை, ஒன்று கூடியிருக்கிறது. ஒரு மணி நேர வேலை அடுத்த சனிக்கிழமையையும் முன்பதிவு செய்துகொண்டுவிட்டது. ராத்திரி குடும்பமாக சினிமா பார்ப்பது வழக்கம். டைட்டில் முடிவதற்குள் மேஸ்திரி தூங்கிவிடுவார். மற்றவர்கள் படத்தை மாற்றிக்கொள்வார்கள்.

ஞாயிறு அவருடைய கௌரவம் திரும்புகிற நாள். சர்ச்சில் காலை எட்டரைக்கு ஓர் ஆராதனை, பதினொன்றுக்கு ஓர் ஆராதனை. எட்டரைக்குத்தான் போக வேண்டும் என்று அவர் காட்டுகிற பக்தி வைராக்கியத்தைப் பார்த்து மாமியார் உருகிப்போனதுண்டு. கோல்ஃப் மைதானத்தில் பத்தே முக்காலுக்கு முறை பதிவு செய்திருப்பது மாமியாருக்குத் தெரியாது. பாதிரியாருக்குத் தெரியும், எட்டரை மணிக் கூட்டத்தில் பின்வரிசை ஆண்கள் எல்லாரும் காலர் வைத்த டீஷர்ட்டில் வந்திருப்பதை அவர் மேடையிலிருந்து பார்க்கத்தானே செய்கிறார்? ஆண்டவர் சந்நிதிக்கும் மைதானத்துக்கும் ஒரே சட்டை செல்லும் என்பது பெரிய வசதி.

அவர் மெதடிஸ்ட் சபை. அந்த மார்க்கத்தைத் தொடங்கிவைத்த ஜான் வெஸ்லியே 1736-ல் இதே ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்ய வந்து, காதலும் கோர்ட்டு வழக்குமாகச் சிக்கிக்கொண்டு, அடுத்த வருஷக் கடைசியில் எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர். ஆகவே கராஜில் நிற்கிற அரை அலமாரிக்கு மார்க்க ரீதியாகவே முன்னுதாரணம் இருக்கிறது.

சர்ச்சில் கட்டடப் பராமரிப்புக் குழுவில் மேஸ்திரி உறுப்பினர். அங்கே அவர் பேர் கொடிகட்டிப் பறக்கிறது. சமையலறைக் குழாயை ஒரே மூச்சில் சரிபண்ணியவர் என்று பாட்டிமார்கள் இன்னும் சொல்வார்கள். அன்று பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாகச் சொல்லிக்கொடுத்தது காலமெல்லாம் வீடு கட்டியே ஓய்வுபெற்ற பெரியவர் என்பது பேச்சுவாக்கில் விட்டுப்போகும். மனைவி அந்தப் புகழுரைகளைக் கேட்டுக்கொண்டே முட்டைப் பண்டத் தட்டோடு அமைதியாக நிற்பார். வீட்டில் வாளி நிரம்பிக்கொண்டிருக்கும்.

பத்தே முக்காலுக்கு மைதானம். நான்கு பேர், இரண்டு வண்டி. மனைவியிடம் சொன்னது நாலு மணி நேரம். முதல் அடி நேராகப் பைன் காட்டுக்குள் போகும். சர்ச்சில் பாவமன்னிப்பு உண்டென்றால் இங்கே மல்லிகன் உண்டு: அந்த அடி நடக்கவே இல்லை, இன்னொன்று அடிக்கலாம். விதிப்புத்தகம் சம்மதிக்காது, நண்பர்கள் சம்மதிப்பார்கள். தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிஷம் இருந்ததை 2019-ல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். மேஸ்திரியின் கூட்டத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. குழிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிற பந்தை, “அது போனாப்பலதான், எடுத்துக்கோ” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார்கள். இப்படியாக நூற்றுப் பத்து அடித்து, அட்டையில் தொண்ணூற்றெட்டு எழுதுவார். இந்த ஆட்டத்தில் சொன்ன அளவும் நிஜ அளவும் ஒத்துப்போவது குழி ஒன்றில்தான். நாலேகால் அங்குலம், உலகத்தில் எங்கே போனாலும் அதே. பந்து விழமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் அதில்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மட்டும் அவர் விளையாடப் போக மாட்டார். கார் எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் இருக்கிற அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். 11, 12, 13-ஆம் குழிகள் இருக்கிற மூலைக்கு 1958-ல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்கிற பத்திரிகைக்காரர் ‘ஆமென் கார்னர்’ என்று பேர் வைத்தார். அன்றைக்குச் சர்ச்சில் எல்லாரும் ஆமென் சொல்லும்போது மேஸ்திரியின் குரல் தனியாகக் கேட்கும்.

கோல்ஃபின் தாய்வீடான செயிண்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானத்தை வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் காலாற நடக்கிறார்கள். இந்தத் தகவலை மனைவி எங்கேயோ படித்துவிட்டார். அதிலிருந்து ஸ்காட்லாந்துக்காரர்கள்மேல் அவருக்குத் தனி மரியாதை.

திங்கட்கிழமை மேஸ்திரிக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ். அவரைக் கேட்காமல் மனைவி பிளம்பரை வரவழைத்துவிட்டார். வந்தவர் தொட்டியைத் திறந்தார், டேப்பை எடுத்து அளந்தார், பையிலிருந்து மூன்றங்குல மூடியை எடுத்து மாட்டினார். அப்புறம் வால்வை மாற்றக் குனிந்தார். வெறுமனே நிற்கக் கூச்சமாக இருந்ததால் மேஸ்திரி டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டார். பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, “சனி ஞாயிறில் கூப்பிட்டா வருவீங்களா?” என்றார்.

“சனி ஞாயிறா? ஸ்பானரையே தொடமாட்டேன். ரெண்டு நாளும் கோல்ஃப்தான்.”

கோல்ஃபில் ஹேண்டிகேப் எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரர். மேஸ்திரிக்கு மல்லிகன்களையெல்லாம் கழித்த பிறகும் இருபத்தைந்து.

“உங்க ஹேண்டிகேப் எவ்வளவு?”

“ஆறு” என்றார் பிளம்பர். “டார்ச்சை ஆட்டாமப் பிடிங்க சார்.”