மூன்று மலையும் முப்பத்தைந்து மதிப்பெண்ணும்

தேர்வு எழுதும் கலையைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள கையேடுகளில் பல, ஆசிரியர்களைக் கேட்டு எழுதப்பட்டவை. சில, முதலிடம் பெற்ற மாணவர்களைக் கேட்டு எழுதப்பட்டவை. இரண்டுமே முறையியல் பிழை. முற்றுகையைப் பற்றி அறிய வேண்டுமானால் முற்றுகையிடப்பட்டவரைக் கேட்பதே முறை. வினாத்தாளைக் கேட்க முடியாது. அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் காவலில் இருக்கிறது. எனவே இவ்வாய்வாளர் செஞ்சிக் கோட்டையைக் கேட்டார்.

தகுதியில் செஞ்சிக்குக் குறைவில்லை. பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று ஆளாளுக்கு வந்து எழுதிப் பார்த்த வினாத்தாள் அது. சிலர் முதல் தடவையே பாஸ். ஒருவர் மட்டும் பல வருஷம் உட்கார்ந்து எழுதினார். இதிலிருந்து பெறப்பட்ட கருதுகோள்: பத்தாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய எந்தத் தவறையும் செஞ்சியில் ஒரு தளபதி ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்.

முதலில் நில அமைப்பு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள்; மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர். ஒரு மலையைப் பிடித்தவன் கோட்டையைப் பிடித்தவன் ஆகமாட்டான். நம் பொதுத்தேர்வும் இதே வரைபடத்தில் கட்டப்பட்டதுதான். பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தாக வேண்டும். கணக்கில் சென்டம் வாங்கி ஆங்கிலத்தில் 34 வாங்கியவன், ராஜகிரி உச்சியில் கொடி நட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து குண்டடி படுகிறவன். கும்பகோணத்து சீனிவாச ராமானுஜன் நல்ல சான்று. கணித மலையில் அவரை அசைக்க ஆளில்லை. மற்ற மலைகளின் பக்கம் அவர் போகவே இல்லை. உதவித்தொகை போனது, எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. ராமானுஜனையே ஃபெயிலாக்கிய ஏற்பாட்டை, ‘தமிழ் தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறவர்கள் சற்று மரியாதையோடு அணுகுவது நல்லது.

இனி தளபதிகள். முதல் வகையில் ஆய்வுக்கு மிகுந்த தரவு தருபவர் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் தஞ்சம் புகுந்ததும் 1690-இல் அவர் வந்து மலையடியில் உட்கார்ந்தார். கோட்டையைப் பிடித்தது 1698-இல். இடையில் என்ன நடந்தது? மதிலின் சுற்றளவு பெரிது. முழுக்க வளைக்க ஆள் போதவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உணவும் ஆளும் உள்ளே போனது. சிலபஸ் முழுவதையும் ஒரே சமயத்தில் திறந்துவைத்துக்கொண்டு உட்காருகிற மாணவனின் மேசையை இங்கே நினைவுகூர்க. 1692 கடைசியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முகலாயப் படையையே வளைத்துக்கொண்டார்கள். முற்றுகையிட வந்தவர் முற்றுகைக்குள் மாட்டினார். ‘ஒரே ஒரு டவுட்டு, யூடியூப்ல பாத்துட்டு வரேன்’ என்று போனவருக்கு நேர்வதும் இதுவே.

இதைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. ஜுல்ஃபிகார் கான் உள்ளே இருந்தவர்களோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார், வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தார் என்ற சந்தேகம் அவர் காலத்திலேயே எழுந்தது. மாணவர் வீடுகளில் இது தினசரிக் காட்சி.

‘படிக்கிறியாடா?’

‘படிச்சிட்டுதாம்மா இருக்கேன்.’

புத்தகம் திறந்திருக்கும், அதற்குள் கைப்பேசியும் திறந்திருக்கும். உள்ளிருப்பவரோடு தூது நடந்துகொண்டிருக்கும். பாதுஷா கடுமையாகக் கேட்ட பிறகே ஜுல்ஃபிகார் கான் மும்முரமானார், கோட்டையும் விழுந்தது. ஆனால் யாரைப் பிடிக்க வந்தாரோ அந்த ராஜாராம் அதற்கு முன்பே நழுவி வேலூர் போய், அங்கிருந்து விசால்கட் சேர்ந்துவிட்டார். கோட்டை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பையனிடம் மே மாதத்தில் அதே பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாடம் வேலூர் தாண்டியிருக்கும்.

இரண்டாம் வகை, இரவுப் படிப்பு. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, வாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்து, இரவோடு இரவாக மலைகளில் ஏறி, விடிவதற்குள் செஞ்சியைப் பிடித்தது. வெளிச்சம் வந்தபின் மலையை நிமிர்ந்து பார்த்த அவர்களுக்கே நம்ப முடியாத வியப்பு. முதல்நாள் இரவு ஐந்து பாடம் புரட்டிவிட்டு 78 வாங்கியவன் ரிசல்ட்டைப் பார்க்கும் முகம் அது. இங்கே ஒப்பாய்வு சற்று இடறுகிறது என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். இரவில் படித்ததில் பெரும்பகுதி ஒரு வாரத்தில் மறக்கும் என்று 1885-இல் ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து வரைந்த மறதிக்கோடு சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்களோ இரவில் பிடித்ததைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். காரணம் எளிது. அவர்கள் பிடித்தபின் தூங்கப் போகவில்லை, காவல் போட்டார்கள். நம்மவர் தேர்வு முடிந்த அன்றே புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறார்.

மூன்றாம் வகையை எழுத இவ்வாய்வாளருக்கும் கை தயங்குகிறது, ஏனென்றால் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா ஊர்ப் பிள்ளை. அவருடைய சண்டைக்குக் காரணமே அரியர்தான். ஆற்காட்டு நவாப் சாததுல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்குவின் தகுதிக்கு என்ன குறை? கதைப்பாடலின்படி, டெல்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவயதிலேயே அடக்கியவர். அதாவது செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண். எழுத்துத் தேர்வில்தான் சறுக்கல். சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. அதையும் மீறிச் சிறு படையோடு பெரும்படைமேல் நேரே பாய்ந்தார். 1714 அக்டோபரில், இருபத்திரண்டு வயதில், களத்தில் வீழ்ந்தார். பாடல் கிடைத்தது, கோட்டை போனது.

தேசிங்கு வழி என்பது வினாத்தாள் கைக்கு வந்ததும் இருப்பதிலேயே கடினமான எட்டு மதிப்பெண் கேள்வியின்மேல் முதலில் பாய்வது. வீரம் சரி. ஆனால் அரசு இதற்காகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, 10.10 வரை படிக்க மட்டும் நேரம், அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். இந்தப் பத்து நிமிடம் வேவு பார்ப்பதற்கானது. பலர் இதில் முன்பெஞ்சுக்காரரின் முதுகைப் படிக்கிறார்கள். பெருமாள் முகம் திருப்பிக்கொள்ளும் கேள்வி எது என்று இப்போதே கண்டு, அதைக் கடைசிக்குத் தள்ளுவதே உத்தமம்.

கணக்குத் தேர்வுக்குத் தனிக் குறிப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கில் 14 ஒரு மதிப்பெண், பத்து இரண்டு மதிப்பெண், பத்து ஐந்து மதிப்பெண், இரண்டு எட்டு மதிப்பெண். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகளில் பதினான்கு கொடுத்துப் பத்தைத் தேர்ந்தெடு என்பார்கள். ஆனால் 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயம். ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி, உச்சி இதோ வந்துவிட்டது என்னும்போது மலை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் வரும். அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உள்ளே சில பேர் இருந்தாலே போதும், ஒரு படையையே நிறுத்தலாம். கட்டாய வினாவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கல்வித்துறை வெளியிடவில்லை. அவர் ராஜகிரி ஏறியவர் என்பது இவ்வாய்வின் துணிபு.

ஒரு மதிப்பெண் வினாவில் வீரத்துக்கு இடமில்லை, கணக்குக்கு இடமுண்டு. பொதுத்தேர்வில் தப்புக்குக் கழிவு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டாலும் நான்கில் ஒன்று என்ற கணக்கில் 14-க்குச் சராசரி மூன்றரை வரும். எனவே ஒரு மதிப்பெண்ணைக் காலியாக விடுவது வாயில் திறந்திருக்கும்போது உள்ளே நுழையாமல் திரும்புவது. நீட்டில் நிலைமை வேறு: சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும். ஒரு தவறான விடையை உறுதியாக நீக்க முடிந்தால் அது முக்காலை நெருங்கும். ‘பி போட்டா கரெக்டு’ என்ற மரபுவழி நம்பிக்கைக்கு மேற்படி கணக்கில் ஆதாரம் ஏதும் இல்லை.

நெடுவினாவுக்கு வருவோம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலை எழுப்பினேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறான். விசித்திரசித்தன் என்று தனக்கு ஒரு பட்டமும் வைத்துக்கொண்டான். ஆண்டு இல்லாமல், பெயர் இல்லாமல், காரணம் இல்லாமல் ஐந்து மதிப்பெண் விடையை இரண்டு பக்கம் எழுப்புகிற மாணவர்கள் இந்த மரபினர். பல்லவனுக்குக் குடைவதற்குக் கீழே பாறையாவது இருந்தது. அளந்து விடுகிறவர்கள் தலைப்பைக் கறுப்பு மையால் எழுதி இரண்டு கோடு போட்டால் திருத்துபவர் இளகுவார் என்று நம்புகிறார்கள். இளகுவதும் உண்டு.

மணியடிக்க நேரம் இருக்கும்போதே எழுந்து போகிறவர்களுக்கு 1761 ஒரு பாடம். ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சுக்காரர் கையில் செஞ்சி மட்டும் ஏப்ரல் வரை இருந்தது. பிறகு அதுவும் சரணடைந்தது. மலை வலுவாகத்தான் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் பேப்பரைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனபின் தனியாக உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை.

துணைநூல்கள் பற்றிய வாதத்தில் செஞ்சிக்குத் தனி உரிமை உண்டு. சுமார் 800 ஆண்டுக்கு முன் இந்த மலையில் முதல் அரண் அமைத்தவர் ஆனந்தக் கோன் என்கிறது வரலாற்று மரபு. பின்னாளில் தமிழ்த் தேர்வு என்னும் கோட்டைக்குச் சாவி செய்தவர் திருச்சியின் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார். பழனியப்பா பிரதர்ஸ் அதை ஊர்தோறும் விற்றது. கட்டியவரும் கோனார், திறந்தவரும் கோனார். குறை சாவியிடம் இல்லை. சாவியை வாங்கி அட்டை போட்டு, பெயர் எழுதி, மார்ச் வரை பூஜையில் வைப்பவரிடம் இருக்கிறது.

அப்படியானால் சரியான முறைதான் என்ன என்ற கேள்விக்குப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் விடை எழுதிவிட்டார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என எட்டாகப் பிரித்தது பலருக்கும் தெரியும். முக்கிய வினா மட்டும் அங்கங்கே மேய்பவர் ஆடு என்பதை விளக்கத் தேவையில்லை. பலர் கவனிக்காதது அவர் போட்ட பங்குக் கணக்கு: ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். பவணந்தியின் அந்த அரைப் பங்கைத்தான் அவர்கள் பார்த்தார்கள். தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளையை ‘உன் வேலையப் பாரு’ என்று அதட்டும் பெற்றோர் நன்னூலுக்கு எதிராக நடக்கிறார்கள்.

கைக்கு வந்ததை மறுபடி உழைத்து உறுதிசெய்யும் முறையை மலையில் செய்துகாட்டியவர் சிவாஜி. 1677-இல் பெரிய சண்டை இல்லாமலே செஞ்சி அவர் கைக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் கொண்டாடிவிட்டுப் போயிருப்பார். அவர் உடனே அகழியைத் தோண்டவும் மதிலை வலுப்படுத்தவும் ஆள் வைத்தார். அன்றைய ஏசுசபைப் பாதிரியார்களின் கடிதங்கள் இதைச் சொல்கின்றன. யாரும் முற்றுகையிடாத நாளில் செய்த வேலை அது. அந்த மதில்தான் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, ஜுல்ஃபிகார் கானை அத்தனை காலம் வெயிலில் உட்காரவைத்தது. காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், யாரும் கேட்காதபோது, தப்பான விடைகளை எடுத்து மறுபடி எழுதிப் பார்க்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். செஞ்சியின் உழைப்புக்கு ரிசல்ட் வர நாளானது: 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே தேறிய ஒரே கோட்டை செஞ்சிதான்.

தேர்வு முடிந்ததும் களஆய்வுக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரலில் ராஜகிரிப் பாறை கொதிக்கும். காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் பறித்துக்கொள்ளும். அவை பறக்கும் படையைவிட வேகம். விளக்கம் எதுவும் கேட்காது.