குதிரைகளை எண்ணும் கடல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு அப்போதுதான் அறுவைச் சிகிச்சை. வாலிநோக்கம் டீக்கடையில் காது கொடுத்தால், "இந்த வருசம் இன்னும் கொஞ்சம் இழுக்குற மாதிரி செஞ்சு குடுங்க மேஸ்திரி" என்பதுதான் வேண்டுதல். டர்போ ஏற்றினால் காற்று கூடும். பம்ப்பைத் திருகினால் டீசல் கூடும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகை கூடும். அதையே சக்தி என்று நம்பிப் பூரிப்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டின் 2020 கடல் மீன்பிடி விதிகள் 240 குதிரைத்திறனோடு நிறுத்தச் சொல்கின்றன. இன்ஜினில் அடித்த தகடு விதியை மதிக்கும். உள்ளே கட்டியிருக்கும் குதிரைகளை யார் எண்ணுவது?

கடல் எண்ணும். மணிக்கு 8 கடல் மைல் போகும் படகை 10-க்குத் தள்ள, ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். தண்ணீரின் எதிர்ப்பு அப்படி. டீசல் செலவு மட்டும் சொன்னபடி ஓடும்.

அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, புரொப்பெல்லரின் நெளிவை எடுத்து, தேய்ந்த நாசிலை மாற்றினால் அதே இன்ஜின் நன்றாகவே இழுக்கும். என்ன, டீக்கடையில் சொல்லிக்கொள்ளப் பெருமை இராது. டர்போவுக்கு முன்பணம் கொடுக்குமுன் படகுக்கு அடியில் ஒருதரம் குனிந்து பாருங்கள், அண்ணே.