நெருப்பு நைனா

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றுப் படுகை ஊர்களில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், நெருப்பு நைனா ஒருவர் இருப்பார். ஆம்பூரில் இருப்பார், பேரணாம்பட்டில் இருப்பார், மேல்விஷாரத்திலும் இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது, தூக்கம்தான் வருவதில்லை. ஊர் எழுவதற்குள் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டி, தென்னந்துடைப்பத்தால் வாசலைப் பெருக்கிக் குவித்து, மடியிலிருந்து தீப்பெட்டியை எடுப்பார். பீடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. தீப்பெட்டியை விட முடியவில்லை. "புகை உடம்புக்குக் கெடுதல்" என்று கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்வார்.

ஊருக்கெல்லாம் போகி வருஷத்துக்கு ஒரு நாள். நைனாவுக்கு ஞாயிறு உட்பட வாரம் ஏழு நாளும் போகி. மார்கழிக் கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும். நைனா அந்தச் செய்தியை ஒரு வரி விடாமல் படிப்பார், "எவன் கேக்கறான்?" என்று வருத்தப்படுவார், பிறகு அந்தப் பேப்பரையே கசக்கிக் குவியலுக்கு அடியில் செருகுவார்.

குவியல் என்றால் சும்மா இல்லை, அதற்கு ஒரு கட்டுமானம் உண்டு. அடியில் வேலிகாத்தான் முள். பாலாற்றில் தண்ணீர் இல்லாத குறையைத் தீர்க்க அதுதான் வளர்ந்து நிற்கிறதே. முள்ளுக்கு மேல் வேப்பஞ்சருகு, அதற்கு மேல் தேங்காய் மட்டை. உச்சியில் முந்தாநாள் பிரியாணி வந்த பை, பேரனின் பிய்ந்த ஸ்கூல் ஷூ, ஜோடி தொலைந்த ஒற்றைச் செருப்பு. பற்றவைப்பதற்குப் பால் கவர். அது சுருண்டு, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே சருகின் மேல் விழும். ஒவ்வொரு சொட்டுக்கும் 'விர்' என்று ஒரு சத்தம். நைனா ஒரு நீளக் குச்சியோடு பக்கத்திலேயே நின்று, ஹோமம் வளர்ப்பவர் மாதிரி பக்திசிரத்தையாகக் கிளறிக்கொடுப்பார்.

காற்று விஷயத்தில் அவர் கில்லாடி. வானிலை அறிக்கை எல்லாம் வேண்டாம். கீழண்டைத் தெருப் பக்கம் காற்று திரும்பினால்தான் குச்சியைக் கிழிப்பார். அதற்கு முன் தன் வீட்டுக் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். கீழண்டைத் தெருவிலும் ஒரு நைனா இருக்கிறார். அவருக்கும் காற்று தெரியும். சாயங்காலம் காற்று திரும்பியதும் அவர் கணக்கைத் தீர்ப்பார்.

குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரத்தான் செய்கிறது. ஆனால் அது வரும்போது நைனாவிடம் சாம்பல்தான் இருக்கும். "மக்கற குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டா பிரிச்சு வெக்கணுமே சார்" என்று தூய்மைப் பணியாளர் சொன்னால், "நெருப்புக்கு அந்த பேதமெல்லாம் இல்லம்மா" என்று தத்துவம் பேசுவார். கொசு போகும் என்பார். சாம்பல் செடிக்கு உரம் என்பார். அந்தச் சாம்பலை முருங்கை மரத்தடியில் கொட்டுவார். காய் காய்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மனசாரக் கொடுப்பார், நல்ல மனுஷன்.

இவ்வளவும் செய்கிறவர் சுற்றுச்சூழல் அக்கறை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த கதையை நைனா அளவுக்குச் சொல்ல ஆள் கிடையாது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது, தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது, எல்லாம் விரல் நுனியில். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் என்றும், 35,000 ஹெக்டேர் வரை நிலம் கொஞ்சமாகவோ முழுசாகவோ பாழ் என்றும் அந்தத் தீர்ப்பில் இருப்பதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். "மாசு பண்றவன்தான் காசு குடுக்கணும், அதான் சட்டம்!" என்று குச்சியைத் தூக்கிக் காட்டுவார். குச்சியின் நுனியில் ரெக்சின் துண்டு ஒன்று எரிந்துகொண்டிருக்கும்.

எதிர்வீட்டு பாய் டேனரியில் டிரம் ஓட்டியவர், அவரும் ஓய்வு பெற்றவர்தான். ஒருநாள் காலி மனையில் யாரோ ராத்திரி வீசிவிட்டுப் போன கோணிப்பையை நைனா குவியலுக்கு இழுத்துவந்தார். உள்ளே ஷூ கம்பெனி கட்டிங் வேஸ்ட். விரல் நீளத் துண்டுகள், மேலே கறுப்புப் பூச்சு, வெட்டிய விளிம்பில் மட்டும் ஒரு நீலச் சாயல். பாய் ஓடிவந்தார்.

"நைனா, அது குரோம் தோலு. கொளுத்தாதீங்க."

"இன்னா பாய், டேனரிக்காரன் ஆத்தையே கொன்னுட்டான். நான் ஒரு மூட்டை கொளுத்தினா குடிமுழுகிப் போவுதா?"

"டேனரில தண்ணிய ஆத்துல விட்டோம், தப்புதான். மாசு பண்றவன் காசு குடுக்கணும்னு நீங்கதானே சொல்றீங்க. நீங்க எப்ப குடுக்கப்போறீங்க?"

"நான் பென்ஷன்காரன் பாய்!"

பாய் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம் பாட்டன் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வேறு, இப்போது குரோமிய உப்பில் ஊறுகிற தோல் வேறு. தோலுக்குள் இருக்கிறவரை அந்தக் குரோமியம் மூன்றாம் நிலையில் ஓரளவு சாதுவாகக் கிடக்கும். திறந்த வெளியில் எரித்தால், அதில் ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு மாறிச் சாம்பலில் தங்கக்கூடும். அது புற்றுநோய் தரும் ரகம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவில் விட்டுப்போனதும், நிலத்தடி நீருக்குள் இறங்கியதும் அந்தக் குரோமியம்தான். ரெக்சினில் இருக்கும் பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் வரும், அதுவும் அதே ஜாதி. முருங்கை மரத்தடியில் கொட்டியது எது என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

நைனாவுக்குச் சொந்தபந்தம் அதிகம். அண்ணன் லாரி வைத்திருக்கிறார். ஏரிக்கரை, ஆற்றங்கரை என்று இருட்டில் தோல் கழிவைக் கொட்டி, போகிற போக்கில் பற்றவைத்துவிட்டுப் போவார். இன்னொரு சொந்தம் குப்பைக் கிடங்கின் பொறுப்பில் இருக்கிறார். அங்கே தீ எப்போதும் 'தானாகவே' பிடித்துக்கொள்ளும். மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வருவதும், அது பற்றிக்கொள்வதும் உண்மைதான். ஆனால் குப்பையைப் பிரிக்காமல் மலையாகக் குவித்தால்தான் மீத்தேனுக்கு அந்த வசதி கிடைக்கிறது என்பதை அவர் சொல்லமாட்டார்.

இத்தனைக்கும் குப்பையைக் காசாக்கக் கற்றுக்கொடுத்த ஊர் வேலூர். வீட்டுக் குப்பையைப் பிரித்து உரமாக்கும் முறையை இங்கேயிருந்து சீனிவாசன் என்பவர் நாடு முழுக்கக் கொண்டுபோனார். தோலிலும் அப்படித்தான். சவ்விலிருந்து பசை வருகிறது, சீவல் தூளை அழுத்தினால் ஷூவுக்குள் வைக்கும் லெதர் போர்டு வருகிறது. கொளுத்தினால்தான் ஒன்றும் வருவதில்லை.

சட்டமும் நைனாவுக்குச் சாதகமாக இல்லை. 2016-ஆம் வருஷத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவில் குப்பையை எரிக்கக் கூடாது என்றன. அதே வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. நைனா தாராளமாக ஒப்பிக்கும் தீர்ப்புகளில் இது மட்டும் இல்லை.

பாலாற்று வழக்கோ 1996-ஓடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கு மேல். கண்ணுக்குத் தெரியாமல் போனால் கழிவு ஒழிந்தது என்று தொழிற்சாலைக்காரர் அன்று ஆற்றைப் பார்த்து நினைத்தார். நைனா இன்று வானத்தைப் பார்த்து நினைக்கிறார். இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான், அளவுதான் வேறு. தொழிற்சாலையிடம் நியாயம் கேட்க நமக்கு உரிமை உண்டு. தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

ஆகவே, சருகைக் குழி தோண்டிப் போடுங்கள், காலப்போக்கில் உரமாகிவிடும். முள்ளை அடுப்பு எரிப்பவருக்குக் கொடுங்கள். பால் கவரைக் கழுவி வண்டியில் போடுங்கள். தோல் துண்டு மூட்டை கிடந்தால் தொடாமல் நகராட்சிக்குச் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டே இருங்கள். உங்கள் தெரு நைனா முருங்கைக்காய் கொடுத்தால் மட்டும், வீட்டில் சாம்பார் வைத்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள்.