தெரியுது, தெரியுது

18 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் கட்டுரையாளர் பேனாவைத் திறந்தார். ஆனால் போன அமாவாசைச் சங்கதியைக் கொட்டாமல் அவருக்கு எழுத்து ஓடவில்லை.

அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, ஏணியில் நின்று குதிரைத்தலை நெபுலாவைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தம்பி, டிபன் பாக்ஸ் அளவு மின்னணுத் தொலைநோக்கியைத் தரையில் வைத்துவிட்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். “சார், குதிரை வந்துடுச்சு!” என்று செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினான். செக்கச்செவேலென்று, பிடரியோடு குதிரை. அரை மணி நேரத் தவம் பாழ்.

இந்தக் குதிரை இருக்கிறதே, 1888-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியமினா ஃபிளெமிங் அதைக் கண்டுபிடித்ததே புகைப்படத் தட்டில்தான். அப்போதே ஏணிக்காரர்கள் உஷாராகியிருக்க வேண்டும். அது ஒளிராத தூசு மேகம். பின்னால் ஹைட்ரஜன் ஒளிர்வதால் நிழலாகத் தெரிகிறது. அந்த ஹைட்ரஜனோ முக்கியமாக 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிரும். இருட்டில் வேலை பார்க்கும் நம் கண்ணின் கோல் செல்களுக்கு அந்தச் சிவப்பு ஏறக்குறைய இல்லாத மாதிரி. மிச்சமிருக்கும் 486 நானோமீட்டர் ஒளியை மட்டும் உள்ளே விட ஹைட்ரஜன்-பீட்டா வடிகட்டி வாங்க வேண்டும் (விலையை வீட்டில் சொல்லக் கூடாது). பக்கத்தில் கண்ணைக் கூசவைக்கும் அல்நிடக் விண்மீனைப் பார்வைக்கு வெளியே தள்ள வேண்டும். தலையில் கறுப்புத் துணி. மூச்சை அடக்கக் கூடாது. நேரே பார்க்கக் கூடாது, ஓரக்கண்தான். குழாயை லேசாகத் தட்ட வேண்டும், அசைந்தால்தான் கண் பிடிக்கும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது, சாம்பல் நிறத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுத்த சாம்பலாக ஒரு கடித்த தடம். அதைத் தலை என்று சொல்லக் குதிரைக்கே மனசு வராது.

ஆனால் ஏணியில் ஏறுகிற ஒவ்வொருவரும் “தெரியுது, தெரியுது” என்றுதான் இறங்குகிறார்கள். குழாய் வாயை மூடிவைத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கட்டுரையாளரும் சொன்னவர்தான்.

டாப்சோனியனுக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன் ராமகிருஷ்ண மடத்துத் துறவி. தொலைநோக்கிப் பித்து முற்றி 1967-இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். நிலவு, எல்லோருக்கும் தெரிகிற சமாச்சாரம். புத்திசாலி.

வாங்குகிற விஷயத்துக்கு வர இடமில்லை. வானம் பார்க்க வருகிறவர்களிடம் ஒரே விண்ணப்பம்: ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரியும், இருட்டுக்குப் பழகிய கண் பாழ். வண்டியை வரும்போதே வெளிப்பக்கம் பார்த்து நிறுத்திவிடுங்கள்.